தூரத்து வகுப்பும் கைப்பழக்கமும்

கேள்வி: சென்னை ஐஐடியின் எலக்ட்ரானிக்ஸ் பட்டப்படிப்பை ஆன்லைனில் படிக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து படித்தால் சர்க்யூட் தியரி மண்டையில் ஏறுமா?
(வாசகர், நியூ டவுன், கொல்கத்தா)

பதில்: ஏறும். தந்திக் கம்பியில் மின்சாரம் ஓடும் விதத்துக்குச் சமன்பாடு தந்த ஆலிவர் ஹெவிசைட் 16 வயதில் பள்ளியை விட்டவர். மேக்ஸ்வெல்லின் நூலைத் தானே படித்துத் தேறியவர். 'அவர் மேதையாயிற்றே!' என்பீர்கள். இருக்கட்டும், அதோடு அவர் தந்தி நிலைய ஊழியரும்கூட, கம்பி கைக்குப் பழகியிருந்தது. தாளில் கிர்க்காஃப் விதிகள் பிசகாமல் விடை தரும், ஏனென்றால் தாளில் வரைந்த பேட்டரிக்கு உள்தடை கிடையாது. கடையில் வாங்கியதற்கு உண்டு. 2023-இல் தொடங்கிய உங்கள் படிப்பு ஆய்வகத்துக்குச் சென்னை வரச் சொல்வதும் அதனால்தான். அதுவரை காத்திருக்காமல் ஒரு பிரெட்போர்டும் மல்ட்டிமீட்டரும் வாங்கிவிடுங்கள். கணக்கில் வந்த வோல்ட்டேஜை அளந்தும் பாருங்கள். வித்தியாசம் வந்தால், காரணம் தெரியாமல் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.