ஜூன் கச்சேரி, டிசம்பர் சாதகம்

கே: ஐரோப்பாவில் நவம்பர் முதல் மார்ச் வரை திறந்தவெளி மைதானங்கள் காற்று வாங்குகின்றன. நடுத்தூர ஓட்டக்காரர்கள் போர்த்திக்கொண்டு தூங்காமல் எதற்கு ஓடுகிறார்கள்?

ப: நம் பாடகர்களுக்கு டிசம்பர் சீசன். 1500 மீட்டர்காரருக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட். பாடகர் கச்சேரி செய்கிற மாதத்தில் ஓட்டக்காரர் சாதகம் செய்கிறார்.

கே: 800 மீட்டர் என்பது இரண்டு நிமிஷ வேலை. அதற்குச் சாதகம் வாரம் 160 கிலோமீட்டரா?

ப: நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் அப்படித்தான் ஓடவிட்டார். அவருடைய 800 மீட்டர் வீரர் பீட்டர் ஸ்னெல், மாரத்தான்காரர்களோடு சேர்ந்து ஆக்லாந்துக்குப் பக்கத்து மலைச்சாலையில் 35 கிலோமீட்டர் ஓடுவார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 தங்கம். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டும். விஷயம் இதுதான்: 800 மீட்டரில் செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல், 1500-இல் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு, ஆக்ஸிஜன் தயவில் வருவது. அதை வளர்க்க மாதக்கணக்கில் நிதான ஓட்டம் வேண்டும். வேகத்தைத் தீட்டச் சில வாரங்கள் போதும். ஆனால் 160 என்ற எண்ணை மட்டும் காப்பியடித்தால் லாபம் எலும்பு டாக்டருக்கு. செபாஸ்டியன் கோ அதைவிடக் குறைவாக ஓடி, குளிர்காலத்தில் பளுவும் தூக்கி, 1981-இல் 800-ஐ 1:41.73-இல் முடித்தார். 16 வருஷம் அதை யாரும் அசைக்கவில்லை.

கே: கிறிஸ்துமஸுக்காவது லீவு உண்டா?

ப: அதே கோவுக்கு இல்லை. 1979 கிறிஸ்துமஸ் காலையில் ஓடிவிட்டு வந்து விருந்தும் சாப்பிட்டார். மனசு உறுத்தியது: போட்டியாளர் ஸ்டீவ் ஓவெட் இந்நேரம் இரண்டாம் தடவை கிளம்பியிருப்பாரோ? இவரும் மறுபடி கிளம்பினார். பல வருஷம் கழித்து இதைச் சொன்னபோது ஓவெட் கேட்டாராம், இரண்டே தடவைதானா என்று! மறுவருஷம் மாஸ்கோ ஒலிம்பிக்கில் கோவுக்கென்று எல்லோரும் எழுதிவைத்த 800-ஐ ஓவெட் ஜெயித்தார். ஓவெட்டின் 1500-ஐ கோ. அந்த இரண்டாவது ஓட்டம் யார் கணக்கில் வரவு என்று நீங்களே சொல்லுங்கள். கதையாக ரசிக்கலாம், அட்டவணையில் சேர்க்க வேண்டாம்.

கே: டிசம்பரிலிருந்து 400 மீட்டரைப் பத்துத் தடவை ஓடுகிறேன். நேரம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. இன்னும் கூட்டட்டுமா?

ப: மலையேறப் போங்கள். கிண்டல் இல்லை. 1953 டிசம்பரில் ரோஜர் பானிஸ்டரும் நண்பர்களும் இதையே தொடங்கினார்கள்: கால் மைல், பத்துத் தடவை, நடுவில் இரண்டு நிமிஷ இடைவெளி. முதலில் 66 விநாடி, ஏப்ரலில் 61. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. பானிஸ்டர் நண்பர் கிறிஸ் பிராஷரோடு ஸ்காட்லாந்துக்குப் போய் மூன்று நாள் பாறை ஏறினார். கால் பிசகியிருந்தால் சரித்திரமே மாறியிருக்கும். அந்த வயசுக்கு அது தெரியாது. திரும்பி வந்து ஓடினால் 59! மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைல் 3:59.4, நாலு நிமிஷத்துக்குள் முதல் தடவை. குளிர்காலம் முழுக்கச் சேர்த்தது உடம்பில்தான் இருந்தது, களைப்பு மூடி வைத்திருந்தது. நீங்கள் பாறை ஏற வேண்டாம். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள்.

கே: நார்வேக்காரர்கள் பயிற்சிக்கு நடுவே ஊசியால் குத்தி ரத்தம் பார்க்கிறார்களாமே?

ப: வேகம் மிஞ்சினால் ரத்தத்தில் சேரும் லாக்டேட் ஏறுகிறதா என்று பார்க்க. ஏறினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். யாகோப் இங்கெப்ரிக்ட்சன் இப்படி அடக்கி ஓடுவதை ஒரே நாளில் காலையும் மாலையும் செய்கிறவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500-ஐ 3:28.32-இல் வென்றார். இளைஞனை வேகமாக ஓடவைக்கக் கைத்தட்டல் போதும். மெதுவாக ஓடவைக்கத்தான் ஊசி வேண்டியிருக்கிறது.

கே: வெளியே கால் வைக்க முடியாத பனி. என்ன செய்ய?

ப: செக் நாட்டு ஓட்டக்காரர் எமில் சாட்டோபெக், அழுக்குத் துணிகளைக் குளியல் தொட்டியில் போட்டு, அதன்மேல் நின்ற இடத்திலேயே ஓடுவார் என்று சொல்வார்கள். ஓட்டமும் ஆச்சு, துணியும் வெளுத்தாச்சு. இந்தப் பதிலை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் கிழித்துவிடுங்கள்.