சரிவுக்குப் பின் நடைமுறை

நீலகிரியில் மண் சரிய மழை மட்டும் போதாது. மலையின் அடியை வெட்டிக் கொடுக்க ஆளும் வேண்டும். 2009 நவம்பரில் இரண்டும் கூடி வந்தன. 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயிலும் நின்றது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. கொட்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல்.

மீட்பு வேலைக்கு எழுதப்படாத ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார். அடுத்து ஜேசிபி வரும். சாலையில் கிடக்கும் மண்ணை மறுபக்கப் பள்ளத்தில் தள்ளும். கீழேயுள்ள தேயிலைச் செடிகளுக்குக் கேட்காமலே மேல்மண் கிடைக்கும். பிறகு மணல் மூட்டை, பிறகு தடுப்புச்சுவர். சுவரில் தண்ணீர் வடியத் துளை விடுவார்கள். சில பருவங்களில் அதில் பாசியும் பெரணியும் குடியேறும், தண்ணீர் சுவருக்குப் பின்னாலேயே தேங்கும். அண்மையில் கோத்தகிரி சாலையோரம் கம்பிகளை ஆணியாக அறைந்து புல் வளர்க்கும் முறையும் வந்திருக்கிறது: சாலைக்காக வெட்டிய மலையை அதன் இடத்திலேயே நிற்கவைக்கும் ஏற்பாடு.

நிவாரண முகாமிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் பழைய லயன் வீட்டுக்கே திரும்புவார்கள். அதே வாரம் பக்கத்துச் சரிவில் ரிசார்ட்டுக்கு அடித்தளம் தோண்டப்படும்.