தஸ்கனிக்கே சாஞ்சோவேசேயா?

கேள்வி: மகனைப் பார்க்க இத்தாலி போகிறோம். இங்கிருந்து ஒயின் கொண்டுபோகலாமா? அங்கே நல்ல பாட்டிலைக் கண்டுபிடிப்பது எப்படி?
– ஒரு வாசகர், ஹைதராபாத்

பதில்: திருநெல்வேலிக்கே அல்வாவா! ஆனாலும் கொண்டுபோங்கள், காரணம் இருக்கிறது. உங்கள் ஊர் மருந்துத் தொழிலதிபர் கிருஷ்ண பிரசாத் சிகுருபாடியும் மனைவி உமாவும் ஹம்பி மலைப்பகுதியில் திராட்சை பயிரிட்டு, ‘கிருஷ்மா’ என்ற பெயரில் ஒயின் தயாரிக்கிறார்கள். அதில் சாஞ்சோவேசே வகையும் உண்டு. அது இத்தாலியின் தஸ்கனிப் பகுதியின் சொந்தத் திராட்சை. பேத்தியைத் தாத்தா வீட்டுக்குக் கூட்டிப்போனதாக இருக்கட்டும்.

கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் என்றால் பாதுகாப்புச் சோதனையிலேயே பறிபோகும். புடவைக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். பட்டுப்புடவை மட்டும் வேண்டாம், குடும்பம் முக்கியம்.

அங்கே போனதும் சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் சதுக்கத்தில் வாங்காதீர்கள். ‘எனோடேகா’ என்று பலகை இருந்தால் அது ஒயின் கடை. உங்கள் பட்ஜெட்டைக் கூச்சமில்லாமல் சொல்லி, அந்த வட்டாரச் சரக்கையே கேளுங்கள். பாட்டில் கழுத்தில் டி.ஓ.சி.ஜி. பட்டை இருந்தால் ஊரும் திராட்சையும் அரசு விதிப்படி என்று அர்த்தம். ருசிக்கு அரசு பொறுப்பல்ல.

திரும்பும்போது ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் தலைக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு சரி. மூன்றாவது கால் லிட்டர் தாண்டிவிடும். மாமியாரும் கூட வந்தால் அவர் கணக்கில் தனியே 2 லிட்டர். பல மருமகன்களுக்குப் பாசம் பொங்குவது அந்தச் சுங்க வரிசையில்தான்.