குடில் திணை: ஓர் ஆராய்ச்சி

தமிழ் நிலம் ஐந்து திணையாகப் பகுக்கப்பட்டது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆயின், மாதச் சம்பளத்தைத் துறந்து, நகரத்து அடுக்குமாடி வீட்டை விற்று, ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பை வாங்கி, அதனுள் நாட்டு ஓடு வேய்ந்த குடில்கள் மூன்றை எழுப்பி, இரசாயன உரமின்றி விளைந்ததை, இரசாயன உரத்தில் விளைந்ததை உண்டு வளர்ந்த நகரத்து விருந்தினருக்குப் பரிமாறி ஜீவிக்கும் ஒரு புதிய மாந்தர் கூட்டம் பொள்ளாச்சிக்கும் ஆழியாற்றுக்கும் இடையே தோன்றிப் பல காலம் ஆகியும், அதற்கென ஒரு திணை வகுக்கப்படாதிருப்பது நம் புலவர் பெருமக்களின் கவனக்குறைவேயன்றி வேறில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு நூலின் காலத்தை நூறாண்டு முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்னும் வழக்கில் ஆயுள் முழுவதும் வாதி பிரதிவாதிகளாய் நிற்பவர்களுக்குத் தோப்புப் பக்கம் திரும்ப அவகாசம் ஏது? எனவே அப்பெரும்பணியை யாமே மேற்கொள்ளத் துணிந்தோம்.

முதற்பொருளுள் நிலம். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். அதே நியாயத்தால், குறிஞ்சியும் மருதமும் நிலத் தரகரின் பார்வை பட்டுத் திரிந்து குடில் திணையாகும் என்று கொள்க.

பெரும்பொழுது, பள்ளிக்கூட விடுமுறைகள். சிறுபொழுது, நண்பகல் பன்னிரண்டு மணி தொடங்கி மறுநாள் முற்பகல் பதினொன்று வரை. மேற்கொண்டு தங்கினால் அரை நாள் வாடகை.

மாந்தர் மூவகையர். கணினித் துறையை வெறுத்து வந்தோர், வங்கியினின்று ஓய்வு பெற்று வந்தோர், எங்கிருந்தும் வராமல் பாட்டன் காலந்தொட்டு அங்கேயே உழுதுகொண்டிருப்போர். மூன்றாமவர் வெறும் விவசாயிகள் ஆதலின் ஆராய்ச்சிக்கு உரியரல்லர்.

இனிக் கருப்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என எட்டை எண்ணிய தொல்காப்பியர், அவை போன்ற பிறவும் அடங்கும் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்துச் சென்றார். வைஃபை அவ்வழியே நுழைந்தது.

தெய்வம், வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் கோ. நம்மாழ்வார். கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையின் உத்தியோகத்தை உதறி, பின்னாளில் கரூர் மாவட்டத்துக் கடவூரில் வானகம் கண்ட இப்பெரியவரை (1938–2013), திருவாய்மொழி அருளிய ஆழ்வாரே எனக் கருதிக் கைகூப்பும் விருந்தினரும் உளர். உபதேவதை, ஜப்பானியராகிய மசானபு ஃபுகுவோகா. யோகோஹாமா சுங்க அலுவலகத்தில் பயிர்ப் பரிசோதனை வேலையைத் துறந்து சிகோகு தீவின் கிராமத்துக்குத் திரும்பிய அவரே இத்திணையின் ஆதிபுருஷர். 1975இல் அவர் எழுதிய ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ குடில்தோறும் கட்டில் தலைமாட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் வேளாண்மை செய்யலாம் என்று அதில் சொல்லியிருப்பதாக எல்லாரும் அறிவர்; தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தை அவ்வாறே கவாத்தும் செய்யாமல் விட்டதனால் மரங்கள் பட்டுப்போன கதையையும் அவர் அதிலேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் என்பதை அறிந்தவர், அந்தப் பக்கம் வரை வாசித்தவர் மட்டுமே.

உணவு, விளம்பரத்தில் கம்பங்கூழும் அரிசிம்பருப்புச் சாதமும். குழந்தைகள் அழுத பிறகு நூடுல்ஸ். விலங்கு, காங்கேயம் பசு. படம் எடுத்துக்கொள்ளத் தனிக் கட்டணம் இல்லை. யாழ், புளூடூத் ஸ்பீக்கர். பறை, இருநூறு லிட்டர் கொள்ளும் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். அதில் தண்ணீர் நிரப்பி, பத்துக் கிலோ பசுஞ்சாணமும், கோமியமும், இரண்டு கிலோ வெல்லமும், இரண்டு கிலோ பயறு மாவும், ஒரு கைப்பிடி வரப்பு மண்ணும் இட்டு நீளக் கழியால் கலக்கினால் ஜீவாமிர்தம் ஆகும். இதைக் கலக்குவதற்குக் கூலி கொடுத்து ஆள் வைப்பது பழைய சம்பிரதாயம். கலக்குபவரிடமே கட்டணம் பெற்றுக்கொண்டு அதற்கு ‘அனுபவம்’ என்று பெயரிடுவது இத்திணைக்கே உரிய சிறப்பு.

மரம், தென்னை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதன்முதலாகத் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்புறத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்ச, அது ஒழுகவிடும் இனிப்புக் கழிவு கீழ்மட்டைகளில் படிய, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து தோப்பே கரி பூசினாற்போல் ஆகிவிடுகிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம்; பூசணத்தை உரித்தெடுக்க, லிட்டருக்கு 25 கிராம் வீதம் மைதாவைப் பசையாகக் காய்ச்சித் தெளிக்கலாம். மைதா நஞ்சு என்று உறவினர் வீட்டு விருந்துகளில் பரோட்டாவை ஒதுக்கி வந்த தோப்புக்காரர், அதே மைதாவை மூட்டையாக வாங்கி வந்து அண்டாவில் கிண்டும் காட்சி பிரத்தியட்சமாகக் காணத்தக்கது.

தொழில் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அங்ககச் சான்று வழங்கும் தேசிய விதிகளின்படி தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மாறுதல் காலம் மூன்று ஆண்டு. அதுவரை செலவு அங்ககக் கணக்கிலும் வரவு சாதாரணத் தேங்காய்க் கணக்கிலும் எழுதப்படும். இடைப்பட்ட பள்ளத்தை நிரப்புவது குடில் வாடகை. ஆகவே தோப்புக்குள் குடில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினும், கணக்குப் புத்தகத்தில் குடிலுக்குள்ளேதான் தோப்பு இருக்கிறது. இதைத் தோப்புக்காரர் எவரும் மறுத்துரைத்ததாகத் தெரியவில்லை. உரக்க ஒப்புக்கொண்டவரும் இலர்.

உரிப்பொருள், இருத்தல். முல்லையில் தலைவி தலைவனுக்காகக் காத்திருப்பாள்; இங்கே முன்பதிவுக்காக.

பறவை மட்டும் எஞ்சுகிறது. அது சேவல் என்பதில் ஐயமில்லை. எத்தனை சேவல் என்பதே விவகாரம். மூலச் சுவடியாகிய, ஒரு தோப்பின் விருந்தினர் குறிப்பேட்டில், சிவப்புச் சேவலொன்று பின்னிரவு 3.40க்குக் கூவித் துயில் கெடுத்தது என்று ஒரு குறிப்பு (17ஆம் பக்கம், இடப்புற ஓரம்). கறுப்புச் சேவல் 4.30க்குக் கூவியது என்று மற்றொன்று (31ஆம் பக்கம், காப்பிக் கறைக்கு மேல், இரண்டாம் கறைக்குக் கீழ்). மூன்று கால்களையுடைய நீலச் சேவலின் சித்திரம் ஒன்றும் கிடைத்துள்ளது (44ஆம் தாள், பின்பக்கம்; மெழுகு வண்ணத்தால் ஆனது; ஆசிரியர் வயது ஐந்து என்று கையொப்பத்தால் துணியப்படும்; வலப்புற மூலையை ஆடு தின்றுவிட்டமையால், ஆட்டின் வாயளவைக் கொண்டு இழந்த பகுதியை ஊகித்து நிரப்பிய திருத்திய பதிப்பு).

ஔவையார் ஒருவரா பலரா என்று ஆராய்ந்த அறிஞர் பரம்பரைக்கு இது கிடைத்தற்கரிய பேறன்றோ! ஒருசேவற் கொள்கையினர், நிற வேறுபாடு இருளால் விளைந்த மயக்கம் என்பர். பலசேவற் கொள்கையினர், சேவல் என்பது இயற்பெயரன்று, வழிவழி வந்த பட்டப்பெயர் என்பர். மூன்றாம் காலை இடைச்செருகல் என்று ஒரு சாரார் நீக்க, அதுவே மூலபாடம் என்றும் ஏனைய இரண்டு கால்களுமே பிற்காலத்தவை என்றும் இன்னொரு சாரார் சாதிப்பர். சேவலே இல்லை, அது அடுத்த குடிலாரின் கைப்பேசி என்பாரும் உளர். அது வடக்கிருந்து வந்ததா, இங்கிருந்து வடக்கே போனதா என்னும் வினாவை எழுப்புவோர் எந்தப் பொருளிலும் அதை எழுப்புவர் ஆதலின் அவர்களுக்கு யாம் மறுமொழி கூறவில்லை. மென்பொருள் நிறுவனத்துக் கூட்டங்களில் பழகிய தோப்புக்காரரோ, சேவல் குறித்த புகார் பரிசீலனையில் உள்ளது என்று பச்சை மையால் பதில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்நிலையில், சாளையில் சமையல் செய்யும் அம்மாள் தாமாகவே ஒரு சாட்சியம் கூறினார்: “அதுங்களா? செவலையச் சித்திரை லீவுலயே கொழம்பு வெச்சுப் போட்டமுங்க. இப்பக் கூவறது அதும் பையனுங்க.” இக்கூற்று ஏட்டில் எழுதப்படாமையாலும், கூறியவர் பட்டம் எதுவும் பெறாதவர் ஆகையாலும், எல்லாவற்றுக்கும் மேலாக விவகாரத்தை ஒரேயடியாக முடித்துவிடும் அபாயம் உடையதாகையாலும் எம்மால் ஏற்கக் கூடவில்லை.

ஆராய்ச்சியின் இரண்டாம் பாகம் வெளிவரும்வரை அத்தோப்பில் தங்கச் செல்லும் வாசகர்கள், இரவு உணவுக்குக் கோழிக்குழம்பு வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லி, எஞ்சியிருக்கும் ஒரே சான்றைக் காப்பாற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.