பொடிக்கும் டப்பாவுக்கும் உள்ள எதிர்விகிதம்: ஓர் ஆய்வு

மூக்குப்பொடியைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், பாதிரிமார்கள் எழுதியிருக்கிறார்கள், அதற்கு வரி போட்ட அரசுகள் எல்லாரையும்விட அதிகமாக எழுதியிருக்கின்றன. பொடி டப்பாவைப் பற்றி ஏலக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலான உறவுதான் போதிய கவனம் பெறாமல் கிடக்கிறது. டப்பா பொடிக்காகப் பிறந்தது, பொடி போடும் வழக்கம் மங்கியதும் அநாதையானது, கடைசியில் பழம்பொருள் சேகரிப்பவரின் கண்ணாடி அலமாரியில் தஞ்சம் புகுந்தது என்பதே பொதுவான நம்பிக்கை. இந்த நம்பிக்கை பிழையானது. ஒரு டப்பாவின் மதிப்பு அதற்குள் போகும் பொடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. பொடி பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் டப்பா முழுமை அடைகிறது. ஆகவே காலி டப்பாவைப் பூட்டி வைத்துக் காவல் காக்கும் சேகரிப்பாளரே அதன் நியாயமான உரிமையாளர். இடையில் அதைச் சட்டைப்பையில் வைத்திருந்த மூக்குகள் வெறும் குத்தகைதாரர்கள். இதுவே இங்கு நிறுவப்படும் சித்தாந்தம்.

முதற் சான்று வரலாறு. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொடி போட விரும்பியவர் முறுக்கிக் கட்டிய புகையிலை உருளையையும் ஒரு துருவியையும் கையோடு கொண்டுபோனார். வேண்டும்போது அப்போதைக்கப்போது துருவிக்கொண்டார். அந்தத் துருவியில் தந்தம் இருக்கலாம், சிற்ப வேலை இருக்கலாம். ஆனால் துருவாமல் காரியம் ஆகாது. அரைத்த பொடி கடையில் கிடைக்கத் தொடங்கியதும் இந்த உழைப்பு போயிற்று. 1702இல் விகோ விரிகுடாவில் ஸ்பானியக் கப்பல்களைப் பிடித்த ஆங்கிலேயர் பீப்பாய் பீப்பாயாகப் பொடியை ஊருக்குக் கொண்டுவந்தபின் இங்கிலாந்திலும் அது மலிந்தது. பொடி மலிய மலிய, டப்பா ஏறியது. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தட்டார் செய்த ஒரு பொன் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். வெள்ளி கலந்து பச்சை ஓடிய தங்கம் இலையாகிறது, செம்பு கலந்து சிவந்த தங்கம் பூவாகிறது. மூடியைத் திறந்து உட்புறம் பார்த்தால் செய்தவர் முத்திரை, வரி மதிப்பிட்ட முத்திரை, வரி கட்டித் தீர்த்த முத்திரை, தட்டார் சங்கத்தின் ஆண்டெழுத்து என்று வரிசையாகக் குத்தியிருக்கும். சேகரிப்பாளர் பூதக்கண்ணாடியை வைத்து மூடியிலும் சுவரிலும் அடியிலும் ஒரே ஆண்டெழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறார். மாறியிருந்தால் ஒரு டப்பாவின் தலையை இன்னொன்றின் உடலில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனை சோதனையிலும் உள்ளே என்ன பொடி இருந்தது என்ற கேள்வி ஒரு தடவைகூட எழுவதில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் சான்று கணக்கு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் சேர்த்த டப்பாக்கள் முந்நூறுக்குக் குறையா என்பது பொதுவான மதிப்பீடு. சிலேசியாவில் வெட்டிய பச்சைக் கிரிசோபிரேஸ் கல்லைக் குடைந்து, வைரம் பதித்துச் செய்த சிலவற்றை இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கில்பர்ட் தொகுப்பில் காணலாம். மன்னருக்கு மூக்கு ஒன்று, துளை இரண்டு. துளைக்கு நூற்றைம்பது டப்பா என்று வகுத்தால், உடற்கூறு சார்ந்த எந்த விளக்கமும் நிற்காது. அவர் உடுப்பெல்லாம் கறையாகும்படி பொடி போட்டவராயிற்றே என்று கேட்கலாம். போட்டார், ஐயமில்லை. ஆனால் அதற்கு ஒரு டப்பா போதும். மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் நமது கட்சி. இங்கிலாந்தின் பீட்டர்ஷாம் பிரபுவிடம் நாளுக்கு ஒன்றாக ஆண்டு முழுமைக்கும் டப்பா இருந்ததாகப் பேச்சு. அவருடைய இளநீலச் செவ்ர் பீங்கான் டப்பாவை ஒருவர் புகழ்ந்தபோது, கோடைக்குச் சரி, குளிர்காலத்துக்கு ஆகாது என்றாராம். பருவம் மாறினால் பொடி மாறாது, டப்பாதான் மாறுகிறது. எது எதற்குத் துணை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

மூன்றாம் சான்று ராஜதந்திரம். மன்னரின் சிறு உருவப்படத்தை மூடியில் பதித்து, சுற்றிலும் வைரம் இழைத்த டப்பாவைத் தூதர்களுக்குப் பரிசளிப்பது அக்கால அரசவைகளின் மரபு. பெற்றவர்களில் பலர் மரியாதையாக வணங்கி வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்துக் காசாக்கிக்கொண்டார்கள். அதே டப்பா அடுத்த தூதருக்குப் போயிற்று. தங்கம் சுற்றியது, வைரம் சுற்றியது, மன்னர் முகமும் சுற்றியது. பொடி மட்டும் அந்தச் சுற்றில் எங்கும் சேரவில்லை. ஒரு சிட்டிகையும் காணாமல் முழு வாழ்வு வாழ்ந்த டப்பாக்கள் இவை. விலையும் இவற்றுக்கே அதிகம்.

இனிப் பரபக்கம். ஸ்காட்லாந்து மரடப்பாக்களைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. லாரன்ஸ்கிர்க், கம்னாக், மாக்லின் ஊர்த் தச்சர்கள் கீலை டப்பாவின் மரத்திலேயே செதுக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பற்களைக் கோத்து, நடுவே செல்லும் ஊசி வெளியே தெரியாமல் மறைத்தார்கள். மூடினால் காற்றுப் புகாது, பொடி உலராது, பையிலும் சிந்தாது. இத்தனை பாடும் பொடிக்காகத்தானே என்பது வாதம். ஒப்புக்கொள்கிறோம். அவை பொடிக்காகச் செய்தவை, பொடி தாங்கியவை, திறந்தால் சிலவற்றில் இன்னும் லேசாக வாசனையும் வரும். எனவேதான் பொன் டப்பாவின் விலையில் ஒரு மூலைக்குக்கூட அவை வருவதில்லை. மறுப்பாளர் கொண்டுவந்த சாட்சி நமது விதிக்கே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

அடுத்த மறுப்பு சீனத்திலிருந்து வருகிறது. அங்கே டப்பா கிடையாது. மருந்துக் குப்பியின் வடிவத்தில் சின்னஞ்சிறு குப்பி, இறுகிய அடைப்பான், அதன் அடியில் பொடி அள்ள ஒரு குட்டிக் கரண்டி. ஈரக்காற்றில் பொடி கட்டியாகாமல் காக்கவே இந்த அமைப்பு என்பது உண்மை. 1696இல் காங்சி மன்னர் அரண்மனையில் கண்ணாடிப் பட்டறை வைத்தபின் இக்குப்பிகள் பெருகின. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சீனக் கலைஞர்கள் குப்பியின் உள்சுவரைச் சொரசொரப்பாக்கி, வளைந்த முனையுள்ள எழுதுகோலைக் குறுகிய கழுத்து வழியே நுழைத்து, உள்ளிருந்து படம் தீட்டத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சரியாகத் தெரிய வேண்டுமானால் கண்ணிமையை முதலிலும் முகத்தின் நிறத்தைப் பின்னாலும் போட வேண்டும். மா ஷாவோசுவான் போன்றவர்கள் இதில் புகழ்பெற்றார்கள். இப்படி ஒரு குப்பியில் பொடியைக் கொட்டிக் கரண்டியால் அள்ளினால் என்ன ஆகும்? படம் மறையும், பிறகு சுரண்டப்படும். பொடி நுழையக் கூடாத பொடிக் குப்பியைப் படைத்ததன் மூலம் சீனர்கள் நமது விதியை அதன் தர்க்க எல்லை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்றாவது மறுப்பு வீரம் பற்றியது. 1759 ஆகஸ்ட் 12 அன்று குனெர்ஸ்டார்ஃப் போரில் பிரெடரிக் மன்னர் மேல் பாய்ந்த குண்டை அவர் பையிலிருந்த பொடி டப்பா தாங்கியது என்பார்கள். மன்னர் பொடி போட்டதால்தானே டப்பா பையில் இருந்தது, ஆகவே உயிரைக் காத்தது பொடிப் பழக்கமே என்று வாதிடலாம். குண்டை நிறுத்தியது உலோகம். பொடி வெறும் பார்வையாளர். இதே குண்டு வாழைமட்டையில் மடித்த பொடியைத் தாக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மறுப்பாளரே எண்ணிப் பார்க்கட்டும்.

மட்டையைச் சொன்னதால் ஒப்பீட்டு மாதிரிகள் இரண்டையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுப் பொடிமட்டை காய்ந்த வாழைமட்டையை மடித்துக் கட்டியது. முழுக்க முழுக்கப் பொடிக்கே வாழ்ந்து, பொடி தீர்ந்ததும் தெருவில் விழுவது. அதைச் சேகரிப்பார் இல்லை. இன்னொன்று இயற்கையே தந்தது. கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்தினால் மணிக்கட்டை ஒட்டி இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். மருத்துவர்கள் அதை அனடாமிக்கல் ஸ்னஃப் பாக்ஸ் என்கிறார்கள். கீழே விழுந்து கையூன்றியவருக்கு அங்கே அழுத்தி வலித்தால் ஸ்கஃபாய்டு எலும்பு முறிந்திருக்குமோ என்று சந்தேகிப்பார்கள். கொள்ளளவு ஒரு சிட்டிகை, விலை இல்லை, தொலையாது, யாரும் திருட முடியாது. பொடிக்கு இதைவிடப் பொருத்தமான கலம் கிடையாது. எனவே விதிப்படி, ஏலத்தில் இதற்குக் கேள்வியும் கிடையாது.

எஞ்சி நிற்பது பயன் பற்றிய கேள்வி. காலி டப்பாவுக்குப் பெருந்தொகை கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்போருக்கு ஒரு பதில் உண்டு. அளவுமீறிப் பொடி போடுவோர் மூக்கில் கட்டி வருகிறது என்று ஜான் ஹில் என்ற ஆங்கில மருத்துவர் 1761லேயே எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்துக்கொண்டே புகையிலையின் மேல் உயிரை வைத்திருக்கும் ஒரே கூட்டம் டப்பா சேகரிப்பவர்கள்தான். தும்மல்கூட இல்லாத இந்த மோகத்தில் செலவு உண்டு, வீட்டாரின் வசவு உண்டு. நோய் மட்டும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பதுபோல, மூக்குக்கு வந்தது இவர்களுக்குப் பணப்பையோடு போயிற்று.