பூனை ஒழிப்புப் பெரியம்மா

ஒரு வீட்டில் மருமகள் உண்டாகியிருக்கும் சேதி, பெரியம்மாவின் காதுக்கு எப்படியோ போய்விடும். எந்த வீட்டுப் பெரியம்மா என்று கேட்காதீர்கள். தெருவுக்கு ஒருவர் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விசாரணை தொடங்கும்: "அந்தச் சனியனை இன்னுமா வெச்சிருக்கீங்க?"

சேலையை முழங்காலோடு சுருட்டிக்கொண்டு சோபா நுனியில் உட்காருவார். பூனையோ வேறு ஆள் இல்லாததுபோல் அவர் காலில்தான் வந்து உரசும். "பூனை முடி உள்ள போனா புள்ள மேல ஒட்டிக்கும் கண்ணு!" இரைப்பைக்கும் கருப்பைக்கும் நடுவே ஒரு குறுக்குச்சந்து இருப்பதாக அவருடைய உடற்கூறு சாஸ்திரம். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லையே என்றால், "அவங்க சொல்வாங்க, அவங்க வீட்டுலயா பூனை இருக்கு?"

பெரியம்மாவின் பயம் முழுப் பொய்யல்ல, விலாசம்தான் தப்பு. டாக்ஸோபிளாஸ்மா என்று ஓர் ஒட்டுண்ணி. 1908இல் கண்டுபிடித்தார்கள். அது முழுதாக இனம்பெருக்கும் இடம் பூனைக் குடல்தான் என்று விஞ்ஞானிகளுக்கே 1970 வாக்கில்தான் தெரிந்தது. பெரியம்மா அதற்கு முன்பிருந்தே சந்தேகப்படுகிறவர். கர்ப்பகாலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் கரு கலையலாம், குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆனால் அது வருவது மலத்தில், முடியில் அல்ல. மலத்திலும் வெளியேறியதும் தொற்றாது. வீரியம் பிடிக்க 1 முதல் 5 நாள் ஆகும். பூனையின் மண்தட்டைத் தினமும் அள்ளிக் கொட்டினால் ஆபத்து பெருமளவு அங்கேயே தீர்ந்தது. அள்ள வேண்டியவர் கணவர்.

இதைக் கேட்டதும் பெரியம்மா கொதிப்பார். "எங்க புள்ள பூனைப் பீ அள்ளவா இன்ஜினியருக்குப் படிச்சான்?"

கொதிப்பு அடங்கியதும் தூக்குவாளி திறக்கும். உள்ளே சுவரொட்டி. "ரத்தம் ஊறும். தணல்ல லேசாத்தான் வாட்டினேன், ரொம்ப வெந்தா சத்து போயிடும்." பிட்டால் நடுவில் பச்சை ரத்தம். கூடவே கொல்லையில் பறித்த கையோடு அரைத்த மல்லித் துவையல், பல்லில் மண் நறநறக்க. அந்தக் கொல்லைதான் தெருப்பூனைகளின் கழிப்பறை என்பதும் பெரியம்மாவுக்குத் தெரியும். அதே ஒட்டுண்ணி அரைவேக்காட்டுக் கறியிலும் அந்த மண்ணிலும் இருக்கக்கூடும். வீட்டைவிட்டு வெளியேறாமல், பச்சைக் கறி தொடாமல், கடைத்தீனி தின்று தூங்கும் பூனையைவிட அந்தத் தூக்குவாளியைக் கண்டுதான் நான் பயப்படுவேன்.

பெரியம்மாவிடம் வாதாடாதீர்கள், ஜெயித்தவர் இல்லை. தூக்குவாளியை வாங்கி, அவர் போனதும் சுவரொட்டியை உள்வரை நன்றாக வேகவையுங்கள். துவையலைக் கொட்டிவிட்டு, மல்லியை நாலு தண்ணீர் அலசிப் புதிதாக அரையுங்கள். பூனை இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்; வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். புதுக்குட்டி எதையும் பிரசவம்வரை எடுக்காதீர்கள். வளர்த்த பூனை வீட்டிலேயே இருக்கட்டும். கணவருக்கு மட்டும் நல்ல கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.