மெஷின் ஓடும்போது கதைக்க வேண்டாம்

ஊருக்கெல்லாம் கதவு செய்து கொடுக்கிற எங்கள் பட்டறைக்குக் கதவு கிடையாது. நாலு மூலைக்கும் தூண், மேலே தகரம், முன்பக்கம் நேரே றோட்டு. லொறியிலிருந்து பலகையை மடக்காமல் உள்ளே இழுக்க வேண்டும் என்று வாப்பா போட்ட கொட்டில் அது. பலகை வருகிற வழியால் மனிசரும் வருவார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டார். அவருக்குக் கதை என்றால் உயிர். எனக்கும்தான். அதனால்தான் விசயம் இவ்வளவு சிக்கலாகிக் கிடக்கிறது.

அக்கரைப்பற்றில் ஓடாவியாக இருப்பதற்கு உளி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நெல் விலை, கட்டாருக்குப் போன மருமகனின் விசா, அட்டாளைச்சேனைக் கலியாணத்தில் வட்டிலப்பம் பாதிப் பேருக்கு எட்டாமல் போன கதை எல்லாவற்றுக்கும் அந்தந்த இடத்தில் ‘ஓம்’ போடத் தெரிய வேண்டும். இடம் தவறி ‘ஓம்’ போட்டால் நீங்கள் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவீர்கள். 2011இல் ஊருக்கு மாநகர சபை கிடைத்த பிறகு இந்த ஆபத்து இன்னும் கூடிவிட்டது.

வெட்டுவதையும் சீவுவதையும் மெஷின் பார்த்துக்கொள்ளும். அளந்து குறிப்பதுதான் ஓடாவியின் வேலை. கதவுச் சட்டத்தில் பொருத்துக்குத் துளை குறிக்கிறேன் என்று வையுங்கள். இரண்டே முக்கால் அங்குலம், ஒரு நூல் குறைய. நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. இந்த அளவை வாய்க்குள் முணுமுணுத்தபடி பலகைக்குப் போகிற இரண்டடி தூரத்தில்தான் ஆள் வரும்.

“காக்கா, வேலையா?”

கையில் டேப், காதில் பென்சில், தாடியில் மரத்தூள். வேறு என்னவாகத் தெரிகிறேனோ! ஆனாலும் “இல்ல, வாங்க” என்றுதான் வாயில் வருகிறது. இந்தக் கேள்விக்கு “ஓம், வேலைதான்” என்று பதில் சொன்ன ஒருவரை எங்கள் ஊரில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

“ஒரு நிமிசந்தான். இந்தக் கதிரட கால் ஆடுது. ஒரு ஆணி அடிச்சித் தாங்களன்.”

கவிழ்த்துப் பார்த்தால் நாலு காலும் ஆடும். ஆணி அடித்தால் மரம் பிளக்கும். பழைய பசையைச் சுரண்டி, புதிதாகப் பூசி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். முடித்துவிட்டு என் பலகைக்குத் திரும்பினால், இரண்டே முக்காலா, மூன்றே காலா? நூல் குறையவா, கூடவா? மறுபடி அளக்க வேண்டியதுதான். அளந்து திரும்புகிற இரண்டடியில் அடுத்தவர் நிற்பார்.

பசை வேலையென்றால் இன்னும் மோசம். வெள்ளைப் பசை பூசிப் பத்து நிமிசம் அளவில் பொருத்தி இறுக்கிவிட வேண்டும். மேலே தோல் கட்டிவிட்டால் பிடிக்காது. ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. சொன்னவரின் உம்மாவுக்கு இப்போது எப்படி என்று விசாரிப்பது மரியாதை. பசைக்கு இரண்டும் தெரியாது.

கதிரை தூக்கி வருகிறவர்களையாவது மன்னித்துவிடலாம். பெரும்பாலானவர்கள் கையை வீசிக்கொண்டு வருகிறார்கள். சிறுபோகத்துக்குக் கல்லோயாத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேளாண்மைக்காரர்கள், பென்சன் எடுத்த ஆசிரியர்கள், மனைவி சாமான் வாங்கி முடிக்கும்வரை நிழல் தேடுகிற மாப்பிள்ளைமார். இவர்களுக்காக வாப்பா காலத்திலிருந்தே ஒரு வாங்கு கிடந்தது. ஆள் உட்காருவதே வாங்கினால்தான் என்று கணக்குப் போட்டு, அதைத் தூக்கி வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் வந்தவர்கள் கொஞ்சம் தேடினார்கள். பிறகு, பொலிஷ் காய வைத்திருந்த புதுக் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். “நல்லாத்தான் செஞ்சிரிக்கீங்க காக்கா, கிறீச்செண்டு ஒரு சத்தமில்ல” என்று சான்றிதழும் தந்தார்கள். அந்தக் கட்டில் கலியாண வீட்டுக்குப் போகும் முன்பே ஊரில் பாதிப்பேர் அதில் உட்கார்ந்தாயிற்று. வாங்கு திரும்பி வந்தது.

கலியாண வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டும். வீடென்றால் நிலை, கதவு, யன்னல், கட்டில், அலுமாரி. ஆகவே ஊரில் ஒவ்வொரு நிக்காஹ்வின் திகதியும் என் தலையில்தான் வந்து விழும். பெண்ணின் வாப்பா மட்டும் வந்து பார்த்தால் பரவாயில்லை. உம்மா வருவார், சாச்சி வருவார், மாமி வருவார். முன்கதவில் பூ வெட்டுவதா, கொடி வெட்டுவதா என்று என் வேலை மேசையைச் சுற்றி நின்று மாநாடு நடக்கும். முடிவில் பூவும் வேண்டாம் கொடியும் வேண்டாம், அடுத்த தெருவில் உள்ள கதவைப்போலச் செய்யுங்கள் என்பார்கள். அடுத்த தெருக் கதவையும் நான்தான் செய்தேன். அதற்கும் இதே மாநாடு நடந்தது.

தாய்வழியாக வரும் எங்கள் குடிகளையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் இந்த வழக்கத்தையும் ஆராய்வதற்கென்றே டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். இடையிடையே கட்டுரைகள் வெளியிட்டார் என்றாலும், எல்லாம் சேர்ந்த பெரிய புத்தகம் 2008இல்தான் வந்தது. நடுவில் யுத்தம், சுனாமி என்று எவ்வளவோ. எண்ணிப் பார்த்தால் 39 வருசம். அவரை யாரும் “இன்னும் முடியல்லியா?” என்று கேட்டு நச்சரித்ததாகத் தெரியவில்லை. நோன்புப் பெருநாளைக்குச் சொன்ன அலுமாரி ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தள்ளிப்போனதற்கு என்னைக் கேட்ட கேள்விகளைத் தொகுத்தால் அதுவும் ஒரு பெரிய புத்தகம் வரும்.

பாதியில் கிடக்கிற வேலையை மனிசர் மறக்கமாட்டார்கள் என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. உணவகத்தில் பரிமாறுகிறவர்கள் காசு கட்டாத மேசையின் கணக்கை அப்படியே ஒப்புவிப்பார்கள், கட்டி முடித்ததும் மறந்துவிடுவார்கள் என்பதை பெர்லினில் கேர்ட் லெவின் என்ற பேராசிரியர் கவனித்தாராம். அவருடைய மாணவி புளூமா சைகார்னிக் ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, சிலவற்றை நடுவில் நிறுத்தி, சோதித்துப் பார்த்து 1927இல் எழுதினார்: முடித்த வேலையை விட, இடையில் நின்ற வேலைதான் மனதில் அதிகம் நிற்கிறது. பின்னால் வந்த சில ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லையாம். அவர்கள் என் பட்டறைக்கு வந்திருக்க வேண்டும். அலுமாரி என்னிடம் கிடக்கும்வரை அதன் உயரம், அகலம், கைப்பிடியின் நிறம், நான் சொன்ன தவணைகள் அத்தனையும் உரிமையாளருக்கு மனப்பாடம். அலுமாரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே எல்லாம் மறந்துவிடும். மீதிக் காசு உட்பட.

மாரி காலம் தனி. கார்த்திகை, மார்கழி மழையில் மரம் ஈரம் குடித்து ஊதும். ஊரிலுள்ள கதவெல்லாம் ஒரே வாரத்தில் இறுகும். அப்போது பட்டறை, கிளினிக் மாதிரி ஆகிவிடும். மழை விட்டால் கதவு தானாகச் சுருங்கும் என்று சொன்னால் நம்புவதில்லை. சீவிக் கொடுத்தால், வெயில் காலத்தில் இடைவெளியால் பூனை வருகிறது என்று அதே ஆள் வருவார்.

பரிகாரம் தேடாமல் இல்லை. வட்ட வாள் சுழலும்போது பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தட்டினால் விரல் போய்விடும், அது விளையாட்டில்லை. அதனால் ‘மெஷின் ஓடும்போது கதைக்க வேண்டாம்’ என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டேன். நம் சனம் சட்டத்தை மதிக்கிற சனம். மெஷின் நிற்கும்வரை வாய் திறக்காமல் காத்திருந்து, நின்ற கையோடு எல்லோரும் சேர்ந்து தொடங்கினார்கள். மரமே இல்லாமல் மெஷினை ஓடவிட்டுப் பார்த்தேன். அவர்கள் பொறுமையாக இருந்தார்கள். மின்கட்டணம்தான் பொறுக்கவில்லை.

பிறகு கையாளாக நிற்கிற பொடியன் தன் மூளையைப் பாவித்தான். நான் பின்பக்கம் பசை வேலையில் இருக்கும்போது யார் கேட்டாலும் “காக்கா பள்ளிக்குப் போயிட்டார்” என்று சொல்லத் தொடங்கினான். தொழுகை நேரமா இல்லையா என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. லுஹாவுக்குப் போனார், திக்ருக்குப் போனார் என்று சனம் தாங்களாகவே விளக்கம் கண்டுபிடித்தது. இப்படியொரு தக்வா உள்ள ஓடாவியா என்று பேர் பரவியது. கொஞ்ச நாளில், பள்ளி நம்பிக்கையாளர் சபைக்கு என்னைச் சேர்ப்பது பற்றிக் கதைக்க நாலு ஹாஜிமார் பட்டறைக்கே வந்து, அந்த வாங்கில் உட்கார்ந்தார்கள். பசை காய்ந்தது.

இப்படி எத்தனையோ பார்த்த பிறகு எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. வேலையை நிறுத்துவது வேலையைக் கெடுப்பதில்லை. எப்போது நிற்கும் என்று தெரியாததுதான் கெடுக்கிறது. 2022ஐ எடுங்கள். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டீசல் இல்லை, பலகை இல்லை, வாங்க ஆளும் இல்லை. ஆனால் மின்வெட்டுக்கு நேரசூசி இருந்தது. எங்கள் பகுதிக்கு உரிய எழுத்தைப் பார்த்து, மின்சாரம் இருக்கிற நேரத்தில் சீவி, இல்லாத நேரத்தில் வாப்பாவின் கைச்சீவுளியை எடுத்தோம். நாடே குழம்பிக் கிடந்த அந்தக் காலத்தில்தான் நான் சொன்ன தவணைக்கு வேலை கொடுத்தேன். அதற்கு மாறாக, 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொன்றரை மணி போல நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். பாணந்துறை மேற்குக் கரை, நாங்கள் கிழக்குக் கரை. இலங்கையின் முழு அகலத்தையும் தாண்டி வந்து என் முதிரைப் பலகையை வாளுக்கு நடுவில் நிறுத்திய வேறு ஆள் இதுவரை இல்லை. “ஒரு நிமிசந்தான்” என்றுகூட அது சொல்லவில்லை.

பாங்கு சொன்னால் நானும்தான் மெஷினை நிறுத்துகிறேன், அதுவும் ஒவ்வொரு நாளும். அதனால் ஒரு பொருத்தும் கெட்டதில்லை. ளுஹர் நெருங்கிவிட்டால் பசைப் போத்தலைத் திறக்கமாட்டேன். அஸருக்கு முன் துளை குறித்து முடித்துவிடுவேன். வெள்ளிக்கிழமை பட்டறையே இல்லை. பின்னேரம் வருகிற பாண் ஓட்டோவும் அப்படித்தான். பெத்தோவன் 1810இல் எழுதிய மெட்டைக் கீச்சுக் குரலில் போட்டுக்கொண்டு அது தெருமுனையில் திரும்பும்போது பொடியன் ஏற்கனவே வாளை நிறுத்திவிட்டுக் காசோடு நிற்பான். சொன்ன நேரத்துக்கு வருகிற எதுவும் எனக்கு இடைஞ்சலாக இருந்ததில்லை.

வாங்கைத் தூக்கமாட்டேன். அதில் உட்கார்ந்து கதைக்கிறவர்தான் நாளைக்கு “எங்கட ஓடாவி இரிக்கார்” என்று ஒரு வீட்டுக் கதவை எனக்குப் பேசிக் கொடுக்கிறார். கடற்கரைப் பக்கமிருந்து நிந்தவூர் வரைக்கும் எனக்கு விளம்பரம் அந்த வாங்குதான். ஆனால் ஊரவருக்கு ஒரு வேண்டுகோள். கதைக்க வருகிறவர்கள் அஸர் தொழுதுவிட்டு வாருங்கள். பிளேன்டி என் கணக்கு. ஆடுகிற கதிரை, இறுகுகிற கதவு எல்லாம் சனிக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள். மீதிக் காசு தர வருகிறவர்கள் மட்டும் எந்நேரமும் வரலாம். வாள் ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்துவேன்.